ஒரு சாண் கீழே

புகையூர் என்றோ உப்பூர் என்றோ எந்த வரைபடத்திலும் ஊர் கிடையாது. ஆலைகள் நிறைந்த ஊரைத் துறைமுகத்துக்காரர்கள் புகையூர் என்றார்கள். துறைமுகத்தை ஆலை ஊர்க்காரர்கள் உப்பூர் என்றார்கள். இரண்டுக்கும் கால்பந்து அணி உண்டு. அணிகள் வருஷத்துக்கு இரண்டு தடவை மோதிக்கொள்ளும். ரசிகர்களுக்கு அப்படி ஓய்வெல்லாம் கிடையாது, வருஷம் முழுக்க மோதல்தான். அதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் அறுநூறு பேர். பந்தைப் பற்றி அங்கே பேச்சே இருக்காது. ஊரைப் பற்றித்தான்.

“உங்க ஊர்ல காக்கா வெள்ளையாத்தான் பொறக்குதாம், ரெண்டாம் நாள்தான் கறுக்குதாம்” என்று உப்பூர் எழுதும். “உங்க ஊர்ல சோப்பு போட்டுக் குளிச்சா சோப்புல மீன் வாசம் வந்துடுதாம்” என்று புகையூர் திருப்பிக் கொடுக்கும். வளர்ந்த ஆட்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் செய்கிற காரியம் இது.

குழுவுக்கு இரண்டு விதிகள். எதிராளி சொன்னதை எந்தக் காரணம் கொண்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒத்துக்கொண்டவன் ஒரு வாரம் எதிரி அணியின் கொடியைத் தன் படமாக வைக்க வேண்டும். இது முதல் விதி. நன்றாக விழுந்த அடிக்கு, அடி வாங்கினவனே ஒரு கும்பிடு போட வேண்டும். அது இரண்டாவது விதி. சண்டையிலும் மரியாதை வேண்டுமல்லவா.

புகையூர்ப் பக்கத்தின் பெரிய வாய் திருப்புளி. தொழில் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி குத்தியிருக்கும், அதனால் அந்தப் பெயர். உப்பூர்ப் பக்கத்தில் அவனுக்குச் சரிசமமாக நின்றது நங்கூரம் என்று ஒரு ஆள். ஐந்து வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்ததில்லை. சொந்தப் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் நங்கூரம் இரண்டு நாள் எதுவும் எழுதாவிட்டால் திருப்புளிக்குச் சோறு இறங்காது.

பதினைந்து நாளைக்கு முன்னால் நங்கூரம் ஒன்று போட்டான். “புகையூர் ரயிலடிக்கு எதிர்ல ஒரு அஞ்சு மாடிக் கட்டடம். அங்க லிஃப்டு தரை வரைக்கும் வர்றதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு ஒரு சாண் கீழயே நின்னுடுது. வயசானவங்க கிணத்துல இருந்து ஏறுற மாதிரி ஏறி வர்றாங்க. உங்க ஊர் மெஷினுக்கும் உங்கள மாதிரியே புத்தி கீழதானாடா?”

திருப்புளிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவன் கையில் இருப்பது. மாதா மாதம் அவன்தான் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறான். இதைவிட வசதியாக யாராவது கன்னத்தைக் காட்டுவார்களா? ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, எழுதினான். “அந்த லிஃப்டுக்கு நான்தான்டா டாக்டர். அது சரியாத்தான் நிக்குது. உப்பூர்க்காரன் கால்ல செதில் ஒட்டியிருக்கும், சமதரையிலயும் வழுக்கி விழுவான். விழுந்துட்டு லிஃப்டு மேல பழி போடாத.”

குழு குலுங்கிப் போனது. முந்நூறு சிரிப்பு முகங்கள். சொந்த ஊரில் அதைப் படம் பிடித்து ஆளாளுக்கு அனுப்பினார்கள். திருப்புளியின் அக்கா வீட்டுக்காரர் அதைத் தன் அலுவலகத்தில் சத்தமாகவே படித்துக் காட்டினாராம். ஒரு வாரம் திருப்புளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆட்ட நாள் வந்தது. நாலு மணிக்கு ஆட்டம். இரண்டேகாலுக்கே திருப்புளி வீட்டில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆறு பேர் வருவதாக இருந்தது.

“ஆறு பேருக்குப் பத்து நாற்காலி எதுக்கு?” என்றாள் வீட்டுக்காரி.

“நாலு ஒடையும்” என்றான்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவர். சுத்தமான புகையூர்க்காரர்.

“தலைவா, இன்னிக்கு ஜெயிச்சிட்டு நாளைக்காவது வந்து லிஃப்டப் பாத்துடுங்க. ஆள் கம்மியா ஏறினா ஒழுங்கா நிக்குது. கூட்டம் ஏறினா ரொம்பவே இறங்குது. நங்கூரம் சொன்னது நெசம்தான். குரூப்ல சொல்லல, நம்ம மானம் போயிடும்ல.”

திருப்புளி அதை ஒரு தடவை படித்தான். கையில் இருந்த நாற்காலியை அப்படியே கீழே வைத்தான். கூட்டம் ஏறினால் இறங்குகிறது. பாரம் கூடக்கூட நிற்க முடியாமல் இறங்குகிற லிஃப்டுக்கு ஒரே அர்த்தம்தான். பிரேக் பிடிக்கவில்லை. இது தொழிலுக்கு வந்த முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம். அவன் ஒவ்வொரு மாதமும் அந்த லிஃப்டில் தனியாக ஏறித்தான் சோதித்தான். தனி ஆளுக்கு அது ஒழுங்காகத்தான் நின்றது.

அடுத்து நினைவுக்கு வந்தது அக்கா. அதே கட்டடத்தில் நாலாவது மாடி டயாலிசிஸ் சென்டரில் வரவேற்பில் இருப்பவள். சிகிச்சை முடிந்தவர்களைக் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விடுவதும் அவள் வேலைதான்.

போன் போட்டான். “அக்கா, அந்த லிஃப்டு கீழ இறங்கி நிக்குதா?”

“ஆமாடா, ரெண்டு மூணு வாரமா.”

“ஏன் சொல்லல?”

“நீதானே இல்லன்னு எழுதின? மாமா காட்டினாரு. இங்க யாராவது குறை சொன்னா வாட்ச்மேன் அதத்தான் எடுத்துக் காட்டுறாரு, மெக்கானிக்கே சரியா இருக்குன்னு சொல்லிட்டாரு, போங்கன்னு. நீயே சொன்னதுக்கு அப்புறம் நாங்க என்னடா சொல்றது?”

கேலிக்கு எழுதின ஒரு வரி. அதை ஒரு கட்டடமே சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, தெரிந்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

“அதுல ஏறாதீங்க. யாரையும் ஏற விடாத, நான் வரேன்.”

“மேட்சுக்காக எல்லாருக்கும் சீக்கிரமே ஆரம்பிச்சிட்டோம்டா. மூணு மணிக்கு மொத்தமா…” என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ கூப்பிட்டார்கள், இணைப்பு போய்விட்டது. அவன் கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுபடி போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தெரு முழுக்கப் புகையூர்க் கொடி. தெரிந்தவர்கள் அவனைப் பார்த்து, “திருப்புளி, இன்னிக்கு உப்பூர உரிச்சுடு” என்று கத்தினார்கள். அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கட்டட வாசலில் வண்டியை நிறுத்தவில்லை, போட்டுவிட்டு ஓடினான்.

மணி மூன்று தாண்டி இரண்டு நிமிஷம். லிஃப்ட் கீழே வந்துகொண்டிருந்தது. கதவுக்கு மேலே மூன்று என்று விளக்கு எரிந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. வாட்ச்மேன் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார். “வாங்க டாக்டர்.”

கதவு திறந்தது. உள்ளே ஒன்பது பேர். முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அதைப் பிடித்துக்கொண்டு அக்கா. அவர்கள் நின்ற தரை ஒரு சாண் கீழே இருந்தது. பழகிப்போன முகங்கள், யாருக்கும் பதற்றமில்லை. ஓரத்தில் நின்ற ஒரு அம்மா ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கி வெளித் தரையில் வைத்தார்.

அப்போது அவன் அதைப் பார்த்தான். கதவு திறந்து நின்ற பிறகும் லிஃப்ட் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது. மிக மெதுவாக, சத்தமே இல்லாமல், ஒன்பது பேரோடும்.

“காலை எடுங்கம்மா, உள்ள இழுங்க” என்று அவன் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் கையில் இருந்த பாட்டில் கீழே விழுந்தது. அக்கா ஒரு கையால் அந்த அம்மாவின் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “யாரும் வெளிய வராதீங்க. அசையாதீங்க. கீழ ஸ்பிரிங் இருக்கு, அதுல போய் உக்காந்துடும். பயப்படாதீங்க.”

வெளித் தரை அவர்கள் முழங்காலுக்கு வந்தது. பிறகு தொடைக்கு வந்தது. சக்கர நாற்காலிப் பெரியவர் திருப்புளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இறங்கினார். அந்தப் பார்வையை அவன் சாகும் மட்டும் மறக்கப்போவதில்லை. கடைசியில் அடியில் பொத்தென்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது.

மின்சாரத்தை அணைக்கச் சொன்னான். வாட்ச்மேனும் அவனுமாக ஒவ்வொருவரையும் கை கொடுத்துத் தூக்கினார்கள். பெரியவரை நாற்காலியோடு தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. எல்லோரும் வெளியே வந்ததும் அக்கா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“போன வாட்டி விழுந்த அம்மா கொஞ்சம் வேகமா கால வச்சிட்டாங்க” என்றாள் மெதுவாக.

“யாரு விழுந்தா?”

“வாரத்துக்கு மூணு நாள் வருவாங்க. வெளியூரு, மகன் கூட்டிட்டு வருவாரு. அன்னிக்கு நாலாவது மாடியில ஒரு சாண் எக்கி ஏறினாங்க, கால் தடுக்கி இடுப்பு போயிடுச்சு. அப்புறம் வரல. அங்கேயே ஊர்ல பாத்துக்குறாங்களாம்.”

“எந்த ஊரு?”

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். “உங்க பாஷையில உப்பூருடா.”

அவன் மாடிப்படியில் ஏறினான். மொட்டை மாடியில் மோட்டார் அறை. பூட்டைத் திறந்தான். உள்ளே போய் டார்ச்சை அடித்தான். பிரேக் டிரம் பளபளவென்று மின்னியது. அது மின்னக் கூடாது. கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து டிரம்மை முழுக்க நனைத்திருந்தது. பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தான், விரலெல்லாம் எண்ணெய்.

அந்தக் கசிவு அவனுக்குப் புதிதல்ல. போன மாதம் இதே இடத்தில் நின்று நாலு சொட்டு எண்ணெயைப் பார்த்தான். கழிவுத் துணியால் துடைத்தான். எண்ணெயை அடைக்கிற ‘சீல்’ வளையத்தை மாற்ற அரை நாள் ஆகும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அன்றைக்கு அவசரம் என்னவென்றால், உப்பூரின் கலங்கரை விளக்கத்தைப் பற்றி நங்கூரத்துக்கு ஒரு பதில் பாதி எழுதி வைத்திருந்தான். மீதியை இதே அறையில், இந்த மோட்டார் மேல் சாய்ந்துகொண்டுதான் எழுதி முடித்தான். சுவரில் தொங்கிய அட்டையில் அந்தத் தேதிக்கு நேரே ‘நன்று’ என்று அவன் கையெழுத்தே இருந்தது. அவனுக்கு அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கீழே தெருவில் ஆரவாரம் எழுந்தது. ஆட்டம் தொடங்கியிருந்தது. அவன் எண்ணெய் விரலால் குழுவைத் திறந்தான்.

“நங்கூரம் சொன்னது உண்மை. அந்த லிஃப்டு கீழதான் நிக்குது. தப்பு என்னோடது.”

ஒரு நிமிஷத்தில் சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. நம்ம திருப்புளி என்னமோ பெரிய குண்டு போடப் போறான், இது முன்னுரை என்றார்கள் சொந்த ஊர்க்காரர்கள். அடுத்த வரி என்ன, அடுத்த வரி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் தன் படத்தை எடுத்துவிட்டு உப்பூர்க் கொடியை வைத்தான். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு நங்கூரத்துக்குத் தனியாக எழுதினான். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக டா போடாமல் எழுதினான்.

“அந்த லிஃப்டுல விழுந்தது உங்க அம்மாவா?”

பதில் வர நேரமாயிற்று. எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது தெரிந்தது.

“ஆமாங்க.”

“நேரா சொல்லியிருக்கலாமே.”

“வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்னாரு. குரூப்ல போட்டா யாராவது போய்ப் பாப்பாங்கன்னு நினைச்சேன். திட்டி எழுதினாத்தானே நீங்கல்லாம் படிப்பீங்க.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

“இன்னும் நடக்கல.”

திருப்புளி குழுவில் பின்னோக்கிப் போனான். பதினைந்து நாள் பின்னால் போய், சமதரையிலயும் வழுக்கி விழுவான் என்று தான் எழுதியதைத் தேடி எடுத்தான். முந்நூறு சிரிப்பு முகங்களும் அப்படியே இருந்தன. அடியில் யார் யார் என்ன போட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு போனான்.

நங்கூரத்தின் பெயர் வந்தது. இடுப்பு உடைந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஆள் குழுவின் விதியை மீறவில்லை. ஒரு கும்பிடு போட்டிருந்தார்.