ஒரு ஞாயிறும் தவறாதவர்

பெட்டிக்காரரை ஒருமுறை உயிரோடு இருக்கும்போதே அடக்கம் செய்துவிட்டார்கள். ஜெபம், பாட்டு, மண் எல்லாம் முறைப்படி நடந்தது. தன் அடக்கத்தில் அவரும் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் வீட்டுக்கு நடந்து வந்து மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடித்தார். கதை விடுவதாகத் தோன்றினால் அவர் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த அம்மாள், வானம் இருட்டி இடி இடித்தாலும், கட்டிய சேலை நனைந்த பிறகுதான் மழை என்று ஒப்புக்கொள்கிறவள்.

ஆலயத்துக்குப் பின்தெருவில் அவருடைய பட்டறை. சவப்பெட்டி செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எதிரே வருகிறவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாரென்றால் அளவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் காய்ச்சல்காரர்கள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்கள். அவர் வணக்கம் சொன்னால் டாக்டர்கூட நாடி பிடித்துப் பார்த்துக்கொள்வார், தன்னுடையதை.

பட்டறையின் உள்ளறையில் அவர் தனக்கென்று செய்து வைத்த பெட்டி இருந்தது. கறுத்த தேக்கு. இழைத்த இழைப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடியும். அவரைவிட அரை முழம் நீளம். ஏன் என்று கேட்டால், "உயிர்த்தெழும்போது சோம்பல் முறிக்க இடம் வேணாமா?" என்பார். மூடியின்மேல் அவரே உளியால் செதுக்கிய வரி: 'ஒரு ஞாயிறும் தவறாதவர்.'

அதில் பொய் இல்லை. மழை, வெள்ளம், பல்வலி எதற்கும் அவர் ஆராதனையை விட்டதில்லை. போதகரே படுத்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் மட்டும் காலி ஆலயத்தில் உட்கார்ந்து, தனக்குத்தானே ஆமென் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு முள் தொண்டையில் நின்றது. மனைவியின் தம்பி. நெட்டையாக வளர்ந்ததால் ஊருக்கு அவன் ஏணி. ஒரு காலத்தில் இவர் பட்டறையிலேயே வேலை பார்த்தவன். ஏதோ வாய்த்தகராறில் வெளியேறியவன், "எங்க அத்தான் பழைய குழியத் தோண்டி, அந்தப் பலகையிலதான் புதுப் பெட்டி செய்றாரு" என்று கடைகடையாகச் சொல்லிவைத்தான். ஊர் நம்பியது. மாமியாரும் நம்பினார். "மருமகன் பெட்டி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். யாரோ செய்த பெட்டியில் அவரைத் தூக்கிப்போனபோது, பெட்டிக்காரர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார். அந்த நடை அவர் காலை விட்டு இறங்கவே இல்லை.

இப்போது ஏணி சாகக் கிடந்தான். போதகரை வரவழைத்து, அழுது, பாவத்தை அறிக்கையிட்டு, திருவிருந்தும் வாங்கிவிட்டான். சேதியைக் கொண்டுவந்தவள் மனைவிதான். பெட்டிக்காரர் இழைப்பை நிறுத்தினார்.

"ஓகோ. நான் ஆயுசு பூரா முட்டி தேயத் தேய முழங்கால் போடுவேன். தொரை படுத்த படுக்கையில ஒரு விக்கல் விக்கிட்டு, எனக்கு முன்னாடி பரலோகத்துக்குள்ள போயிடுவாரு. அப்படித்தானே?"

"போறவனக் காலப் புடிச்சு வெளிய இழுக்கப் போறீங்களா?"

"நியாயமா இல்லையேன்னு கேக்கறேன்."

"அவன் உங்களப் பாக்கணுங்கறான். வந்து, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போற உசுரு நிம்மதியாப் போகட்டும்."

"பாக்கலாம், பாக்கலாம்."

"நீங்க மன்னிக்கறதாவது," என்றாள் அவள். "உங்களப் புதைச்ச பிறகுதான் அதெல்லாம் நடக்கும்."

அவள் தன் தம்பியின் வீட்டுக்குத் திரும்பிப் போனதும், அவர் மட்டமான பலகைகளாகப் பொறுக்கி ஏணிக்கென்று ஒரு பெட்டி செய்தார். வேண்டுமென்றே ஒரு முழம் குட்டையாக. நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் பயல் காலை நீட்ட முடியாமல் கிடக்கட்டும். ஆணி அடிக்க அடிக்க அப்படி ஒரு சுகம். அன்று அவர் பாடிய பாட்டில் தெருக்கோடி நாய்கள் ஊரைவிட்டே ஓடிப்போயின.

செய்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் பாதிச் சுகம் வீண் அல்லவா? மறுநாள் கிளம்பிப் போனார்.

ஏணியின் அறையில் அக்கம்பக்கத்தார் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவன்தான் எல்லோரையும் கூப்பிட்டனுப்பியிருந்தான். கட்டில் நீளம் போதாமல் அவன் பாதங்கள் வெளியே நீண்டு, ஒரு ஸ்டூலின்மேல் கிடந்தன.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றான், மூச்சு வாங்கி வாங்கி. "அத்தான் எந்தக் குழியையும் தோண்டினதில்ல. அது நான் கட்டிவிட்ட பொய். எங்கம்மாவையும் அந்தப் பொய்யோடவே அனுப்பிட்டேன்." பிறகு அத்தானைப் பார்த்தான். "நான் உங்க பெட்டியிலதான் போகணும். ஊரு பாக்கணும். செஞ்சு தருவீங்களா?"

வழியெல்லாம் கூர்தீட்டிக்கொண்டு வந்த பேச்சு பெட்டிக்காரருக்குத் தொண்டையிலேயே திரும்பிக்கொண்டது.

"செஞ்சாச்சுடா," என்றார். "ஒரு முழம் குட்டையா செஞ்சிருக்கேன். வேணும்னேதான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணி மட்டும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி அடங்கியது.

"சரிதான் அத்தான். கால மடக்கிக்கறேன். இருந்தவரைக்கும் நான் முழங்கால் போட்டதே இல்ல. அங்க போயாவது கால் பழகட்டும்."

பெட்டிக்காரருக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கப்போய் அழுகையில் மாட்டிக்கொண்டார். அந்த நெட்டைக் கால்களைப் பிடித்துக்கொண்டு, அளவு எடுக்கிறவர் போலக் குனிந்தவர், நிமிர வெகுநேரம் ஆயிற்று. மன்னிச்சேன் என்ற வார்த்தை மட்டும் வாய்வரை வந்து வந்து திரும்பியது. மனைவி அதைக் கவனித்தாள். எதைத்தான் கவனிக்காமல் விட்டாள்?

விடியும்போது ஏணி போய்விட்டான். அடக்கம் அன்றைக்கே. புதுப் பலகை அறுத்து இழைக்க நேரமில்லை. பட்டறையில் இருந்தவை அந்தக் குட்டைப் பெட்டியும் உள்ளறைத் தேக்கும்தான். மனைவி ஓடிவந்து பார்த்தபோது, அவர் தேக்குப் பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல?"

"மூடியில எழுதியிருக்கே. அவன் ஒரு ஞாயித்துக்கிழமைகூட கோயில் பக்கம் எட்டிப் பாத்ததில்லையே. ஊரு சிரிக்கும்."

அவர் உளியை எடுத்து முதல் எழுத்தின்மேல் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கியது ஓங்கியபடி நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது.

"கெடக்கட்டும்," என்றார். "அத்தனை ஞாயித்துக்கிழமையும் போயிட்டு வந்துதான், சாகக் கெடக்கறவன்கிட்ட ஒரு முழம் திருடினேன்."

கல்லறைத் தோட்டத்தில் ஊர் திரண்டது. பெட்டியின் பளபளப்பில் துக்கத்துக்கு வந்தவர்கள் தலை வாரிக்கொண்டார்கள். பழைய வதந்தியைச் சுமந்து திரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் மூடியைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது உங்களோடதாச்சே," என்றார் தாழ்ந்த குரலில். "இவருக்கு எப்படிப் பொருந்தும்?"

"நீளம் பொருந்துதுங்க ஐயா. மத்தத மேல இருக்கறவரு பாத்துக்குவாரு."

போதகர் தயாரித்து வந்திருந்த பிரசங்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நேரே ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் பெட்டிக்காரர் வீட்டு முன்னறையில் தெருவே உட்கார்ந்திருந்தது. அவர் தட்டுக்குமேல் தட்டாகச் சாப்பிட்டார்.

"நல்ல பெட்டியக் குடுத்துட்டீங்களே," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். "இனி உங்களுக்கு?"

"அந்தக் குட்டையிலதான். மடக்கிக்குவேன்."

"என்ன இருந்தாலும் அவரு கொடுத்துவச்சவரு. கடைசி நாள்ல வந்து மொதல் தரமாப் போயிட்டாரு. நியாயமான்னு கேட்டா..."

"நியாயம் இல்லதான்," என்று ஒப்புக்கொண்டார் பெட்டிக்காரர், வாயில் சோற்றோடு. "ஆனா இன்னைக்குப் புதைச்சது அவன இல்ல. என்னைத்தான். புதைச்ச பிறகுதான் மன்னிப்பேன்னு ஒருத்தி சொன்னா. புதைச்சாச்சு. மன்னிச்சுட்டேன்."

அறை முழுக்கச் சிரித்தது. "புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா அண்ணே?" என்ற தையல்காரர், சாட்சிக்கு அந்த அம்மாளைப் பார்த்தார். "என்னக்கா சொல்றீங்க?"

அவள் கணவரின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"புதைச்சாங்க," என்றாள். "மொதப் பிடி மண்ண நான்தான் போட்டேன்."