அத்துபெலேயின் இன்னொரு நோட்டு

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. முதலில் அதை மறைக்கத்தான் எழுதத் தொடங்கினேன். 'மழை கொட்டிய ஒரு காலையில்...' மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

மலாவியில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருகிற எல்லோரிடமும் நோய், மருந்து விவரம் எழுதும் ஆஸ்பத்திரி நோட்டு உண்டு. சிலரிடம் இரண்டு. ஒன்று வீட்டார் பார்வைக்கு, எச்.ஐ.வி. மாத்திரை விவரம் எழுதிய மற்றொன்று எங்களுக்கு மட்டும். அத்துபெலேவுக்குப் பிரசவ வலி கண்டதும் பையைக் கட்டியவள் நாத்தனார் எனெலேசி. அவசரத்தில் வீட்டு நோட்டைப் போட்டுவிட்டாள்.

(துணைக்கு வந்த எனெலேசி பிரசவம் முடியும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை. அத்துபெலே கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். வலி என்று நினைத்துக்கொண்டேன்.)

3

நான் மருத்துவச்சி. ரத்தத்தை மறுபடி சோதித்திருக்க வேண்டும். இன்னும் நான்கு பேர் முனகிக்கொண்டிருந்தார்கள், நோட்டை நம்பினேன். பிறந்த குழந்தைக்குத் தர வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தரவில்லை.

4

எனெலேசியை வில்லியாக்கப் பார்த்தேன். 'உதட்டைச் சுழித்தபடி அவள்...' வேண்டாம், அது அநியாயம். உண்மையில், மதியம் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், இடுப்புத் துணியிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள்.

"புள்ளைக்கு மருந்து குடுக்கவேயில்லையே சிஸ்டர்! வீட்டுக்கு ஓடி, மாவு டின்னுக்குள்ள இருந்து எடுத்தாந்தேன்."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"மூணாம் மாசமே. நான் பாத்தது அண்ணிக்குத் தெரிய வேணாம், அழுவாங்க. அழுமூஞ்சிங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. ஏன் மரமாட்டம் நிக்கிறீங்க? போங்க!"

மருந்தறைக்கு ஓடினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை.

5

ஆறாம் வாரம் குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத்தின் சோதனை முடிவு நேற்று வந்தது. தொற்று இல்லை. தாய்ப்பால் நிறுத்தும்வரை இன்னும் சோதனைகள் உண்டு, தெரியும். ஆனாலும் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாடா என்றிருந்தது. (இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் வைத்திருந்தேன். 'அப்பாடா'வே போதும்.)

6

இங்கேயே முடித்திருக்கலாம். இன்று அத்துபெலே வந்தாள். முடிவைச் சொன்னதும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ளைக்கு மருந்து குடுத்தீங்களே, அன்னிக்குக் கேக்க பயமா இருந்துச்சு சிஸ்டர். நான் சொல்லவேயில்லையே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

எனெலேசி வெளியே நின்று, "அண்ணி, எடை போட்டாச்சா? வெயில் ஏறுது!" என்று கத்துகிறாள்.

மூன்று பதில்கள் எழுதி மூன்றையும் அடித்தேன். உண்மையைச் சொன்னால் அது எனெலேசிக்குச் செய்யும் துரோகம். மறைத்தால், தன் பக்கம் நிற்க ஒருத்தி இருப்பது தெரியாமலே இவள் தினமும் ஒளிந்து மாத்திரை விழுங்குவாள்.

எனக்கு எழுத வரவில்லை. அவள் இன்னும் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.