ஜூபிலியின் பதினாறாம் நாள்

எங்கள் ஊரில் வளர்ப்புப் பிராணி செத்துப்போனால் அதன் சத்தம் பதினாறு நாள் வீட்டிலேயே இருக்கும். பதினாறாம் நாள் பகல் பன்னிரண்டுக்குள் அதை ஏதாவது ஒன்றில் குடிவைத்துவிட வேண்டும். தவறினால் ஜன்னல் வழியாகப் போய்விடும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வராது.

எங்கள் கினிப் பன்றி ஜூபிலி செத்துப் பதினைந்து நாளாகிவிட்டது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற உயிர். ஆனால் கொத்தமல்லிப் பையை நான் பிரிக்கிற சரசரப்பு கேட்டால் போதும், ‘வீக், வீக்’ என்று வீட்டையே தூக்கிவிடும். இப்போதும் சோபாவுக்கு அடியிலிருந்து சத்தம் வருகிறது. நானும் ஒவ்வொரு முறையும் இரண்டு தழை கிள்ளிக்கொண்டு ஓடுகிறேன். தழை அங்கேயே வாடிக் கிடக்கிறது.

எதில் குடிவைப்பது என்பதில்தான் எனக்கும் என் கணவர் கஜேந்திரனுக்கும் தகராறு.

“என் ஸ்கூட்டர் ஹாரன்ல வெச்சிடலாம்.”

“ஓகோ! எட்டரைக்கு நீங்க ஜூபிலியைக் கூட்டிட்டு ஆபீஸ் போயிடுவீங்க, நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா? குக்கர்லதான் வெக்கணும். தினம் கேட்கலாம்.”

“மேல் வீட்டு விசாலம் மாமி லவ் பேர்ட்ஸை மிக்ஸியில வெச்சாங்களே, சட்னி அரைக்கவே மனசு வரலையாம்.”

“அதுக்கு முன்னாடி மட்டும் தினம் அரைச்சாங்களாக்கும்!”

பதினாறாம் நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கான்வென்ட் ஆண்டு விழாவில் திரை விலகும்போது வருமே, அந்தப் படபடப்பு. குக்கரைத் தேய்த்துக் கழுவி, அதன் சொந்தச் சத்தம் தங்கக் கூடாதென்று விசிலைக் கழற்றி அலமாரியில் பூட்டினேன். முறை எளிது. பொருளுக்கு எதிரே நின்று பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவருக்கு நேர் எதிரே இருப்பதில் சத்தம் ஏறிக்கொள்ளும்.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம். “ஜூபிலி!” சோபாவுக்கு அடியில் சத்தம் அசைந்தது. “ஜூபிலி!” சமையலறை வாசலுக்கே வந்துவிட்டது! “ஜூபிலி!”

“என்ன, கூப்பிட்டியா?”

இருபத்திரண்டு வருஷமாக நான் பால்காரரைக் கூப்பிட்டாலும் கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டாலும் முதலில் வந்து நிற்பவர் இவர்தான். இப்போதும் சரியாக எனக்கும் குக்கருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“உங்களை யாருங்க கூப்பிட்டா?”

“வீக்,” என்றார் அவர்.

இடமிழந்த அவர் குரல், காலியாக இருந்த குக்கரில் போய் ஏறிக்கொண்டது. “இன்னிக்கும் கத்திரிக்காயா?” என்று குக்கர் கேட்டது. மூடியை அழுத்தி மூடினேன்.

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, பையைப் பிரித்தேன்.

“வீக், வீக், வீ...க்!”

அதே சத்தம்! அந்தக் கடைசி இழுப்புகூட மாறவில்லை! தழையை நீட்டினேன். காம்பு வரைக்கும் தின்றார். ஒரு கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே அடுத்த கட்டைப் பிரித்தேன்.

சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து மேனேஜர் போன் செய்தார். குக்கரைப் பேசவிட்டேன். அரை மணி நேரம் பேசியது.

திங்கட்கிழமையிலிருந்து குக்கர் ஷேர் ஆட்டோவில் ஆபீஸ் போய்வருகிறது. நான் சோறு வடிக்கிறேன். இந்த வாரம் அதற்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. இரண்டு இட்லிப் பானைகளும் ஒரு தோசைக்கல்லும் இப்போது அதற்குக் கீழே வேலை பார்க்கின்றன. தோசைக்கல் மட்டும் தினமும் லேட்டாக வருகிறதாம்.