அக்காவின் டுமீல்

துணி காயப்போடும் அறையில் ஒரு மேஜையையும் பழைய கணினியையும் போட்டு அதற்கு ‘ஸ்டூடியோ’ என்று பெயர் வைத்திருந்தான் தம்பி. விசிட்டிங் கார்டில் ‘தலைமைப் படைப்பாளர்’ என்று இருக்கும். படைப்பாளர் அவன் ஒருவன்தான் என்பதால் தலைமைக்குப் போட்டி இல்லை.

அவன் செய்த வீடியோ கேம், அந்தக் காலத்துப் பாணியில் கட்டம் கட்டமாக வரைந்தது. தொந்தி வைத்த குள்ளச் சிப்பாய் ஒருவன் ஓடுவான், மேடைக்கு மேடை தாவுவான், எதிரே வரும் இயந்திர நண்டுகளைச் சுட்டுத் தள்ளுவான். சத்தம் முழுக்க அக்காவின் வாய். பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை பார்த்துவிட்டு வந்து, தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மைக்கில் ‘டுமீல்’ என்பாள். தாவினால் ‘ஹுப்’. நண்டு செத்தால் ‘ஐயய்யோ’. பாதியில் சிரித்துவிடுவாள், அதையும் வெட்டாமல் விட்டிருந்தான். விளையாடிப் பார்த்தவர்கள் அந்த ஐயய்யோவுக்காகவே நண்டைத் தேடிப் போய்ச் சுட்டார்கள்.

கேமை மக்கள் முன் வைக்கவிருந்த கண்காட்சிக்கு முந்தின வாரம் ஆலோசகர் ஒருவர் வந்தார். சொந்தமாக ஒரு கேமும் செய்யாததால் எல்லா கேமைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்தவர்.

“சத்தம் யாரு பண்ணது?”

காபியோடு வந்த அக்கா வாயெல்லாம் பல்லாக வாசலில் நின்றாள்.

“அது சும்மா தற்காலிகமா போட்டது சார்” என்றான் தம்பி. “சின்னப்புள்ளத்தனமாத்தான் இருக்கு. மாத்திடுவேன்.”

அக்கா தம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றே பீரங்கி முழக்கங்களை விலைக்கு வாங்கி, கேம் தானாக எடுத்துக்கொள்ளட்டும் என்று, அக்காவின் கோப்புகளுக்கு இருந்த அதே பெயர்களில் அவற்றின் மேலேயே ஏற்றினான். ஏற்றினால் பழையது அழியும். பிரதி எடுத்துவைப்பதெல்லாம் உதவியாளர் வேலை என்று தலைமைப் படைப்பாளர் நினைத்திருந்தார். உதவியாளர்தான் இல்லை.

கண்காட்சியில் குள்ளன் சுட்டபோது உலகப்போர் போல் அதிர்ந்தது. வந்தவர்கள் கொஞ்சம் ஓடினார்கள், ஓரிரு நண்டைச் சுட்டார்கள், “நல்லாருக்கு” என்று சொல்லி நகர்ந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆலோசகர் அடுத்த மேஜையில் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் முன்னால் போய் நின்றான்.

“அக்கா, அந்தச் சத்தமெல்லாம் மறுபடி ஒருதடவ பண்ணிக் குடேன்.”

“பழசு எங்கடா?”

“அழிஞ்சுபோச்சு.”

“நல்லதாப் போச்சு. என் மானம் தப்பிச்சுது” என்றாள். ஆனாலும் வந்தாள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “டுமீல்” என்றாள். சுத்தமாக, திருத்தமாக இருந்தது.

“கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே பண்ணுக்கா.”

“சேச்சே, நாலு பேர் கேக்கறது. நீ இரு, சரியாப் பண்றேன்.”

பண்ணினாள். ஒவ்வொரு டுமீலுக்குப் பிறகும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இப்ப சின்னப்புள்ளத்தனமா இல்லல்ல?”

குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தான். இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“இல்லக்கா” என்றான். “ரொம்ப நல்லாருக்கு.”

அவள் நிம்மதியாக மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அடுத்து தாவலா நண்டா என்று கேட்டாள்.