சாக்பீஸ் கோடு

குழாயடியில் நின்று குழந்தையின் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான் அவன். உள்ளங்கை அகலம்தான் இருந்தது அந்தச் சட்டை. சிமெண்டு மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைக்குள் அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. புதுத்துணியை அலசாமல் பிள்ளைக்குப் போடக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். கழுத்தின் உட்பக்கம் நீலச் சாக்பீஸ் கோடுகள் ஈரத்தில் கலங்கித் தெரிந்தன. தையல்காரியைக் கட்டியவனுக்கு அது புதிதா என்ன? அவள் தைத்து முடித்த துணியிலெல்லாம் கோடு போகத் தேய்த்துக் கொடுப்பது பதினோரு வருஷமாக அவன் பாடு. கட்டைவிரலால் நாலு தேய்ப்பு, போயே போய்விட்டது.

வார்டுக்குள் நுழைந்தபோது மனைவியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். காலையிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. உதடெல்லாம் வெளுத்திருந்தது. அவன் கையிலிருந்த ஈரச் சட்டையைப் பார்த்தாள்.

"துவைச்சுட்டீங்களா?"

"கோடெல்லாம் போயிருச்சு. பாரு, பளிச்சுனு."

சிரிக்கத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் சுருக்கிச் சிரித்தாள்.

"நல்ல ஆளுய்யா நீங்க. இருங்க, வெளிய வந்து சொல்றேன்."

"என்னத்த?"

வண்டி ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குள் போய்விட்டது.

மத்தியானம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் மட்டும்தான் வெளியே வந்தார்.

பிறகு யார் யாரோ தோளைத் தொட்டார்கள். மச்சினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதாள். அவன் அழவில்லை. முதுகில் மூட்டை இருக்கும்போது பாதி வழியில் மூச்சை விடமாட்டார்கள், அப்படி நின்றான்.

ஆஸ்பத்திரி குமாஸ்தா இரண்டு ஃபாரம் கொடுத்தார். போனவளுக்கு ஒன்று, வந்தவளுக்கு ஒன்று. முதலாவதை மச்சினி நிரப்பினாள். இரண்டாவதை அவன் கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

"எழுதிருவீங்களாண்ணே?" என்றார் குமாஸ்தா.

"எழுதுவேன்."

முப்பத்தெட்டு வயதில்தான் அவனுக்கு எழுத்து வந்தது. துணி வெட்டும் மேசையில் சாக்பீஸால் எழுதிக் காட்டியவள் அவள்தான். "அம்மாம்பெரிய மூட்டையத் தூக்குறீங்க, இத்துனூண்டு எழுத்தைத் தூக்க முடியலையாக்கும்?" என்று கேலி வேறு. வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஓர் ஒப்பந்தம் போட்டாள். பொண்ணாக இருந்தால் முதல் பெயர் அவள் வைப்பது, நடுப்பெயர் அவன் வைப்பது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாது. ஃபாரத்தில் அவரவர் கையால்தான் எழுத வேண்டும்.

"ஒரு பொடிசுக்கு எதுக்குடி ரெண்டு பேரு? கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஓடிரும்."

"ஓடட்டும். நீங்க எழுதப் பழகுங்க."

பழகினான். கிழிந்த சிமெண்டுப் பைகளின் காகிதத்தில் எத்தனையோ தடவை எழுதி எழுதிப் பார்த்த பெயரை, இப்போது நடுக் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். ஓர் எழுத்துகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை. முதல் கட்டம் காலியாக இருந்தது.

"முதல் பேரு?"

குமாஸ்தா அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அக்கா பேரையே வச்சிரலாம் மாமா," என்றாள் மச்சினி.

"அது அவ பேரு. பிள்ளைக்கு அவ வேற வச்சிருந்தா."

"எங்கிட்டயும் சொல்லலையே மாமா. போன வாரம் சட்டைக் கழுத்துல சாக்பீஸால எழுதிக்கிட்டிருந்தா. எட்டிப் பாத்தா கையால மறைச்சுக்கிட்டா, கள்ளி. அது மேலயே நூல் போடணும்னு சொன்னா. ஒரு எழுத்து போடுறதுக்குள்ள வலி வந்துருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அந்தச் சட்டை எங்க மாமா?"

ஜன்னல் கம்பியில் கிடந்தது. அவன் எழுந்து போய் எடுத்தான். உட்பக்கம் திருப்பினான். கழுத்தோரம் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஒரே ஒரு 'ம'. காலையில் கண்ணில் படவேயில்லை. அதற்கப்புறம் வெறும் துணி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். அந்த 'ம'வுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தான், வெகுநேரம் எடுக்கவில்லை.



திரும்பி வந்து உட்கார்ந்து, முதல் கட்டத்தின் இடது ஓரத்தில் 'ம' என்று எழுதிப் பேனாவை மூடினான்.

"மிச்சம்?" என்றார் குமாஸ்தா.

"இடம் அப்படியே இருக்கட்டும் சார்."

 குமாஸ்தா ஃபாரத்தை மேசை ஓரமாக நகர்த்தி, அதன்மேல் முத்திரைக் கட்டையைக் குத்தாமல் படுக்கவைத்தார்.

பிள்ளை சிணுங்கியது. "சட்டையைக் குடுங்க மாமா, போட்டுவிடுறேன்."

தொட்டுப் பார்த்தான். அக்குள் மடிப்பில் இன்னும் ஈரம். மின்விசிறிக்கு நேர்கீழே போய், இரண்டு கையாலும் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.