நாற்பத்தொரு விநாடி

நாற்பத்தொரு விநாடி.

கருப்புத் திரையில் அந்த எண் வந்து நின்றதும் அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை. ஒரு சின்னத் திருப்தி. பல் இடுக்கில் மாட்டியிருந்தது வெளியே வந்துவிட்ட மாதிரி. அப்புறம்தான் கோபம் வந்தது. அதுவும் கொஞ்சம் யோசித்து வரவழைத்துக்கொண்ட கோபம்.

தங்கை சொன்னது நாலு நிமிடம். "பட்டனை அமுக்கிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கேன்க்கா. நாலு நிமிஷம்! அது எழுந்து வர்றதுக்குள்ள எனக்கு லேட்டு விழுந்துடுது."

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அக்காவான இவள். வரவேற்பு மேசையில் உட்காருவது தங்கை. போன வருஷம் மேனேஜரிடம் "இவளுக்கு நான் பொறுப்பு சார்" என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தது இவள்தான். ஒரு மாதத்துக்கு முன் கையெழுத்து நோட்டு போய்விட்டது. அவரவர் கணினியில் உள்ளே நுழையும் நேரம்தான் வேலைக்கு வந்த நேரம். முதலில் வருகிற வரவேற்புக்கு எட்டரையைத் தாண்டினால் லேட்டு; மற்றவர்களுக்கு நேரம் அப்புறம்தான். மாதத்துக்கு மூன்று வரை பொறுத்துக்கொள்வார்கள். தங்கைக்கு ஒரே மாதத்தில் ஒன்பது.

"மெசின் தப்பா, உங்க தங்கச்சி தப்பான்னு நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க," என்று காலையில் மேனேஜர் சொல்லியிருந்தார். "மெசின்னா மாத்திடலாம். தங்கச்சின்னா..." மீதியைக் கண்ணாடியைத் துடைப்பதில் முடித்துக்கொண்டார்.

மதியம் தங்கை சாப்பிடப் போனதும் இவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கணினியை ஒருமுறை மூடித் திறந்தாள். தொடங்க எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று கேட்கும் ஒற்றை வரிக் கட்டளையை அடித்தாள். பதில், நாற்பத்தொரு விநாடி. அடுத்த கட்டளை, அந்த நாற்பத்தொன்றில் யார் யார் எவ்வளவு தின்றார்கள் என்று பெரியவரிலிருந்து சின்னவர் வரை வரிசைப்படுத்தும். அதற்குப் பெயரே 'பிளேம்'. பழி. பெயர் வைத்தவன் வீட்டிலும் ஒரு தங்கை இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பட்டியலில் முதலில் நின்றது நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும் வேலை, ஒன்பது விநாடி. மற்றதெல்லாம் பொடிப்பொடி. பழி போட ஆளே இல்லை.

அப்படியானால் ஒருத்திதான் பாக்கி.

"என் சீட்டுல என்ன பண்றே?"

தங்கை கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். இவள் சட்டென்று திரையை மூடினாள்.

"அப்டேட் போட்டேன்."

"நாலு நிமிஷம் ஆகுதே, அதைப் பார்த்தியா?"

"பார்க்கிறேன்."

"பாரு, பாரு. நீ பார்த்தா அது நல்ல பிள்ளையாத்தான் நடந்துக்கும். எல்லாருக்கும் உன்கிட்ட பயம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சிரிப்பை இவள் எப்போது அப்படியே எடுத்துக்கொண்டாள்? தட்டச்சு வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனபோதும் இதே சிரிப்பு. போன வேலை போனபோது பஸ்மேல் பழியைப் போட்டதும் இதே வாய். இப்போது புதுசாக ஒன்று, போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். இரண்டு வாரமாக.

மாலையில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்க, இவள் பின்னறையில் தன் இடத்திலிருந்தே தங்கையின் கணினிக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு நாளும் எப்போது உயிர் வந்தது என்று அது குறித்து வைத்திருக்கும். ஒன்பது நாளில் மோசமான நாளை முதலில் தேடினாள். கிடைத்தது. கணினிக்கு உயிர் வந்த நேரம் எட்டு ஐம்பத்திரண்டு. இன்னொரு நாள், எட்டு நாற்பத்தொன்பது.

"மாட்டினியா" என்று வாய்விட்டே சொன்னாள்.

மற்ற ஏழையும் சும்மா ஒரு கணக்குக்குத்தான் பார்த்தாள். எட்டு இருபத்தேழு. எட்டு இருபத்தேழு. இருபத்தெட்டு. தங்கை உள்ளே நுழைந்த நேரம் எட்டு முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மறுபடி பார்த்தாள். காலையில் முதன்முதலாகத் தொடங்கும்போதெல்லாம் நாலு நிமிடம். நடுப்பகலில் மூடித் திறந்தால் நாற்பத்தொரு விநாடி.

தூங்கும்போது எழுப்பி அளக்க வேண்டியதை, விழித்திருக்கும்போது தோளைத் தட்டி அளந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் செய்யும் தப்பு. ஏன் செய்தேன்?

அந்தக் காலைகளின் பதிவுகளை எடுத்து, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று சங்கிலியாகக் கோத்துப் பார்த்தாள். மதியம் ஒன்பது விநாடியோடு நின்ற நெட்வொர்க் வேலை காலையில் இரண்டு நிமிடம். அதற்குப் பின்னால் ரிசல்ட்டுகள் இருக்கும் பொது டிஸ்க், ஒன்றரை நிமிடம். பட்டியலில் முதலில் நிற்பதால் குற்றவாளி மாதிரித் தெரிகின்றன. உண்மையில் இரண்டும் ஒரு வேலையும் செய்யவில்லை. வராத எதற்காகவோ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

அப்போதும் அவள் மனசு விடவில்லை. பட்டனை அமுக்கிய நேரம்தானே கணினிக்குத் தெரியும்? அமுக்கிய விரல் யாருடையது என்று தெரியுமா? பெருக்க வரும் அம்மா எட்டே காலுக்கே வந்துவிடுவார். "கொஞ்சம் அமுக்கி வையுங்கம்மா, பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன்" என்று ஒரு போன் போதும். அந்த அம்மாவுக்கும் தங்கை என்றால் உயிர்.

இவ்வளவு தூரம் யோசிக்கிறவளைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் எப்போதும் பத்து மணிக்கு வருகிறவள், மறுநாள் எட்டு பத்துக்கே எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில், விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றாள். வந்த இரண்டு பஸ்களையும் விட்டாள். நின்றிருந்த ஒருவர் "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டதற்கு எங்கோ கையைக் காட்டினாள்.

எட்டு இருபத்து நாலுக்குத் தங்கை இறங்கினாள். ஓட்டமும் நடையுமாகச் சாலையைக் கடந்தாள். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஏதோ சொல்ல, அவர் துடைப்பத்தை ஓங்கிக் காட்டிச் சிரித்தார். இவள் பத்தடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனாள்.

உள்ளே இருட்டு. தங்கை நடையில் இருந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள். விளக்கு வந்தது. கணினியின் பட்டனை அமுக்கினாள். அதே நேரத்தில், நடை அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் நெட்வொர்க் பெட்டியில் சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்தது. சிவப்பு. சிவப்பு. பச்சையாக மாட்டேன் என்றது. பெட்டியும் அப்போதுதான் எழுந்திருக்கிறது. அதுவோ கணினியைவிடச் சோம்பேறி.

சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருந்த காகிதம் இவள் கண்ணுக்கு நேராக இருந்தது. 'கடைசியாகப் போகிறவர் மெயினை அணைக்கவும்.' எட்டு மாதத்துக்கு முன்னால் ஒயர் கருகிய வாடை வந்தபோது எழுதி ஒட்டியது. குளிர்பெட்டிகளுக்கு வேறு லைன் இருக்கிறதா என்று பார்த்த கை, இந்தப் பெட்டியை மறந்துவிட்டது. கையெழுத்து அவளுடையது. பத்து மணிக்கு அவள் வரும்போது எல்லாமே பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

"மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் ஒண்ணு," என்றாள் தங்கை, திரும்பாமலே. "பஸ் ஸ்டாப்புல கால் வலிக்கலையா?"

இவள் கையிலிருந்த குடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"மஞ்சள் குடையைத் தூக்கிக்கிட்டு யாராவது ஒளிவாங்களாக்கா? உளவு பார்க்கிறதுன்னா கொஞ்சம் கத்துக்கிட்டுப் பாரு."

"தப்பு என்மேலதான். அந்தப் பெட்டி..." இவள் அலமாரியைக் காட்டினாள்.

"மெசினுக்கு யார் காரணமோ, எனக்குத் தெரியாது. நான் சொன்னது நிஜம்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு நாள் மட்டும் எட்டு அம்பதுகிட்ட இருக்கு."

தங்கை இப்போதுதான் திரும்பினாள். "முதல்ல அந்த ரெண்டைத்தானே பார்த்தே?"



பன்னிரண்டு மணிக்கு அவள் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "ஏழு நாள் என் தப்பு சார். மெயினோட நெட்வொர்க் பெட்டியும் அணையும்ங்கிறதை நான் யோசிக்கல. இன்னைக்கே வேற லைனுக்கு மாத்திடறேன். ரெண்டு நாள் அவ நிஜமாவே லேட்டு."

"ஏன் அந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்றீங்க? ஒன்பதும் மெசின்னு சொன்னா நான் கண்டுபிடிக்கவா போறேன்?"

"இருக்கிறதைச் சொன்னேன் சார்."

"ரெண்டுன்னா வரம்புக்குள்ளதான். வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உங்க தங்கச்சியா இருக்கிறது கஷ்டம்தான் போல."

வரவேற்பில் கூட்டம் குறைந்திருந்தது. இவள் மேசைக்கு இந்தப் பக்கம், ரிசல்ட் வாங்க வந்தவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"வேலை இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னுட்டார்."

"ம்." தங்கை ஒரு உறையை ஒட்டினாள். "அந்த ரெண்டு நாளும் எங்கே போனேன்னு கேட்க மாட்டியா?"

"நீயா சொன்னா கேட்டுக்கறேன்."

"அடேங்கப்பா! திருந்திட்டே." உறையை அடுக்கில் போட்டாள். "கண் ஆஸ்பத்திரியில வரவேற்புக்கு ஆள் கேட்டாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசினாங்க. நேத்து சரின்னு சொல்லிட்டாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரச் சொல்றாங்க."

"இங்கே என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அங்கே எனக்கு யாரும் பொறுப்பு இல்ல, அவ்வளவுதான்."

தங்கையின் இந்த வேலையைக் காப்பாற்றத்தான் சற்று முன்பு இவள் தன் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அது அவளை உறுத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம். உறுத்தியது வேறு. தங்கை சொல்லி முடித்த அதே கணத்தில், அவளுக்குள்ளே பழைய குரல் மெல்லத் தலைதூக்கிக் கேட்டது: கண் ஆஸ்பத்திரியா? நிஜமாகவா?

கண் மட்டும் ஒரு துளி சுருங்கியிருக்க வேண்டும்.

தங்கை அதைப் பார்த்துவிட்டாள். சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய முகம்.

"நம்பர் தரட்டுமா?" என்றாள், நோயாளிகளிடம் கேட்கிற அதே மரியாதையோடு. "போன் பண்ணிக் கேட்டுக்கறியா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். சொல்லவும் சொன்னாள். ஆனால் அதற்குள் அவள் வலது கை, அவளைக் கேட்காமலே, மேசையில் கிடந்த பேனாவை எடுத்திருந்தது.