ஆறு பேருக்கான இடம்

சுற்றுலா வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் முகாம் திடலில் ஓர் இடத்துக்கு ஆறு பேர், இரண்டு கூடாரம், ஒரு வண்டிதான். கைக்குழந்தையும் ஒரு தலைதான். அப்பா அங்கே காவலர். நான் பள்ளிக்கூடம் போவது நின்றதிலிருந்து, வாசல் கூண்டில் உட்கார்ந்து தலை எண்ணிச் சீட்டு எழுதுவது என் வேலை.

அன்று வந்த வண்டியில் அக்கா இருந்தாள். அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போய் மூன்று வருடம். அவள் முகத்தையே பார்த்தபடி எண்ணினேன். அக்கா, அவள் கணவர், மாமனார், மாமியார், கொழுந்தன். ஐந்து என்று எழுதினேன். அவர்கள் கொண்டுவந்த மூன்றாவது கூடாரத்தைக் கூண்டில் வாங்கி வைத்தேன்.

"நாளன்னிக்கு வெளிநாடு போறோம்டி. இனி எப்போ வருவேனோ. இன்னிக்கு என்கூட வந்து படு," என்றாள்.

அப்பா சீட்டைப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு இடமிருக்கு. போறதுன்னா போ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போர்வையோடு ஓடினேன். "கொக்கு மாதிரி வளர்ந்துட்டியேடி!" என்று அக்கா கன்னத்தைக் கிள்ளினாள். அப்போதுதான் மாமியார் மடியிலிருந்த சால்வை அசைந்தது. உள்ளே ஒரு பெண் குழந்தை. நான்கு மாதம் இருக்கும்.

அப்படியானால் நான் ஏழாவது ஆள். தெரிந்தும் வாயைத் திறக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

மாலைச் சோதனைக்கு வந்த அப்பா கூடார வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உங்க பேத்திப்பா," என்றாள் அக்கா.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. "ஏழு," என்றார்.

"பால்குடிக்கிற பிள்ளையை எல்லாமா எண்ணுவீங்க? அவளை விட்டுடுங்கப்பா."

போன மாதம் ஏழு பேரை விட்டதற்கு அப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

"எப்படிம்மா விடுறது? அவளும் ஒரு ஆளுதானே," என்றார்.

அந்த 'அம்மா'வில் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். வீட்டுக்கு வா என்பார் என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சீட்டை என்னிடம் நீட்டினார்.

ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன். போர்வையைச் சுருட்டினேன். அக்கா அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்க படு. நான் வண்டியில படுத்துக்கறேன்."

"வண்டியில படுத்தாலும் எண்ணுவோம்க்கா," என்றேன்.

அவள் கை தானாக விட்டுவிட்டது.